ஏனாக்கின் பிள்ளைகளுக்கு அளவு இல்லை

அன்புள்ள மகன் தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடந்ததை உன் பெண்சாதி ஸ்டெல்லா உனக்குப் போனில் சொல்லிச் சிரித்திருப்பாள். அவள் சொன்னதில் பாதி பொய் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் அந்தப் பெஞ்சுக்கு அடியில் கிடந்ததை நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பதுளையிலிருந்து வருகிறார், மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் என் தலையில் விழுகிறது என்பது உனக்குத் தெரிந்ததுதான். இந்த வாரம் பழைய ஏற்பாட்டில் வரும் இராட்சதர்களைப் பற்றிப் பேசுவோம் என்று எடுத்துக்கொண்டேன். பாசான் தேசத்தில் ஓகு என்று ஒரு ராஜா இருந்தான், இராட்சதரில் கடைசியாக மிஞ்சியவன் அவன்தான். அவனுக்கு ஓர் இரும்புக் கட்டில். ஒன்பது முழ நீளம், நாலு முழ அகலம். வாயால் சொன்னால் யாருக்கு விளங்கும், அளந்தே காட்டிவிடுவோம் என்று பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு, முழங்கையை ஊன்றி ஊன்றித் தரையில் அளந்துகொண்டே போனேன். ஆறாவது முழத்தில் மூச்சு வாங்கியது. ஒன்பதாவது முழத்தில் என் தலை முதல் பெஞ்சைத் தாண்டி இரண்டாவது பெஞ்சுக்கு அடியில் இருந்தது. வலது முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது. எழும்ப முடியவில்லை. நான் ஏதோ உருக்கமாக ஜெபத்தில் இறங்கிவிட்டேன் என்று நினைத்துச் சபையார் எல்லாரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் வேறு வழியில்லாமல் கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணினேன். கடைசியில் ராகேல் அக்காதான் குனிந்து என் காதுக்குள், "என்னாண்ணே, ஆமென் சொல்லப் போறீங்களா, இல்ல தூக்கி விடவா?" என்று கேட்டது. தூக்கித்தான் விட்டார்கள். நான்கு பொம்பளைகள்.

ஆனால் நான் இதை எழுதுவது அந்தச் சிரிப்புக்காக இல்லை. ஆராதனை முடிந்து வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது ராகேல் அக்கா திரும்பவும் வந்தது. முப்பத்தைந்து வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்த கை, எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கும். "அண்ணே, அந்தக் கானான் தேசத்துக்கு வேவு பார்க்கப் போன பன்னெண்டு பேரு கதையும் சொன்னீங்கல்ல. அந்த ராட்சசருங்க இவங்கள என்னதான் பண்ணாங்க?" என்று கேட்டது. "ஒன்னும் பண்ணலக்கா" என்றேன். "அடிக்கலையா?" "இல்ல." "வெரட்டலையா?" "வேதத்துல அப்படி ஒன்னும் இல்ல." "ஒரு வார்த்த வைதாங்களா?" "அவங்க பேசுனதாவே இல்லக்கா." ராகேல் அக்கா பிளேன்டீக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பின்ன எதுக்கு அப்படி ஓடி வந்தாங்க, மானங்கெட்டவனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அக்கா திட்டியது மூவாயிரம் வருசத்துக்கு முந்தியவர்களை. என் முகம்தான் சுட்டது.

அன்று மத்தியானம்தான் நீ கொழும்பிலிருந்து போன் பண்ணினாய். நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கிற மலை சரியும் ஆபத்துள்ளது என்று சிவப்புக் குறி போட்டு வைத்திருக்கிறார்கள், மலைக்கு அந்தப் பக்கம் வீடு கட்டக் காணி தரப் போகிறார்கள், பட்டியலில் உன் பெயர் இருக்கிறது, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நீ கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "எனக்கு லீவு கெடைக்காதுப்பா. நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க போகலாம்னா கையெழுத்து, வேணாம்னா விட்டுர்றேன்." ஸ்டெல்லாவுக்கு ஏழாம் மாதம். அடுப்படிச் சுவரில் விரிசலுக்கு மேல் நான் ஒட்டி வைத்த பேப்பர் இரண்டு தரம் கிழிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் இரண்டு தரமும் புதுப் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். இந்த நிலைமையில் நீ என்னை வேவு பார்க்க அனுப்புகிறாய். தம்பி, உலகத்தில் இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் கிடையாது. அதை நீ தெரிந்துகொண்ட பிறகுதான் நான் பார்த்து வந்ததைச் சொல்ல முடியும். போனில் சொல்லலாம். ஆனால் போனில் நான் சிரிக்க வைத்துவிடுவேன். அந்தச் சிரிப்புதான் என் வியாதி என்று இப்போது விளங்குகிறது.

நீ பண்டாரவளையில் போர்டிங்கில் இருந்து உயர்தர வகுப்புப் படித்த வருசம் ஞாபகமிருக்கும். அந்த வருசமும் இதே மலைக்கு அந்தப் பக்கம், இதே இடத்தில், நம் லயத்தாருக்குக் காணி தருவதாகச் சொன்னார்கள். ஆட்கள் நம்பவில்லை. "யாராவது போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார்கள். மூன்று பேரைத் தெரிந்தெடுத்தார்கள்: சங்கத் தலைவர், யாக்கோபு மாமா, நான். நான் தேயிலைப் பெக்டரியில் அடுப்புப் பக்கம் வேலை செய்கிறவன், பத்தாம் வகுப்பை இரண்டு தரம் எழுதியும் கணக்கில் கரையேறாதவன். ஆனால் பேசுவேன். பேசுகிறவனை அனுப்பினால் வந்து நன்றாகச் சொல்லுவான் என்று நம்பினார்கள். போகிற அன்று காலையில் யாக்கோபு மாமாவுக்குக் கால் வீங்கிவிட்டது. தலைவர் சந்திக் கடை வரைக்கும் வந்தார். "நீ மேல போய்ப் பார்த்துட்டு வாப்பா, நான் இங்கன பஸ்ஸெல்லாம் எப்படின்னு விசாரிச்சு வைக்கிறேன்" என்று வடைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் தனியாகப் போனேன். வெயிலுக்கு உன் அம்மாவின் பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். சிங்களக் கிராமத்தைக் கடந்து ஏறினால் ஒரு பெரிய வளைவு வரும். அந்த வளைவுக்கு மேலேதான் காணி. வளைவில் திரும்புகிற இடத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம். மேல்சட்டை இல்லை. தோளில் மண்வெட்டி. அவர் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் ஓர் அடி என்னை நோக்கி எடுத்து வைத்தார். நான் குடையை மடக்காமலேயே திரும்பிவிட்டேன்.

அவ்வளவுதான் தம்பி. நான் வளைவைத் தாண்டவில்லை. காணியை என் கண்ணால் பார்க்கவில்லை. இது உனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்கும் கடைசி வரைக்கும் தெரியாது.

பஸ்ஸில் திரும்பும்போது தலைவரும் நானும் என்ன சொல்வது என்று பேசி வைத்துக்கொண்டோம். பிறகு சனம் முழுக்கக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடியபோது, வழக்கம்போல் என்னைத்தான் பேசவிட்டார்கள். சனத்தைச் சிரிக்க வைப்பது எனக்குச் சுலபம் என்று உனக்குத் தெரியும். "காணி நல்ல காணிதான். ஆனா அங்க ராட்சசங்க இருக்காங்க" என்று ஆரம்பித்தேன். "ஒருத்தன் நின்னான் பாருங்க, அவன் மம்பட்டிப் பிடியே என் ஒசரம். நான் குடைய விரிச்சுக்கிட்டு நிக்கிறேன், அவன் என்னைய காளான்னு நெனச்சுட்டான்." மடுவம் அதிர்ந்தது. யாக்கோபு மாமா வீங்கின காலை நீட்டிக்கொண்டு சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. "அது கெடக்கட்டும்யா. தண்ணி இருக்கா? அதச் சொல்லு" என்றார். "தண்ணியா மாமா? அவன் குடிச்சது போக மிஞ்சினா நமக்கு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பயந்தார்கள். யாக்கோபு மாமா மட்டும் விடவில்லை: "ராட்சசன் இருந்தா இருக்கட்டும். இங்க தலைக்கு மேல மலை நிக்குது, அதுவும் ராட்சசன்தான. போயிருவோம்யா" என்றார். யாரும் கேட்கவில்லை. அந்தக் காணி தோட்டத்தின் இன்னொரு பிரிவுக்கு, வேறு கணக்கு ஆட்களுக்குப் போனது. மூன்று மழைக்காலம் கழித்து, பட்டப்பகலில், மத்தியானச் சோற்று நேரத்தில், லயத்தின் கடைசி இரண்டு காம்பரா அறைகள் மேல் மலை இறங்கியது. ஒன்றில் ஆள் இல்லை. மற்றதில் யாக்கோபு மாமாவும் அத்தையும் இருந்தார்கள். சவப்பெட்டிகளுக்குத் தோள் கொடுத்தவர்களில் நீயும் ஒருத்தன். வேதம் வாசித்தது நான்.

நீ கேட்கலாம், வேவுகாரர் கதையைச் சின்ன வயதிலிருந்து வாசிக்கிற மனுசனுக்கு அது தன் கதை என்று இத்தனை வருசம் தெரியாமலா போனது என்று. உண்மையாகவே தெரியவில்லை. வேதம் வாசிக்கும்போது நாம் எல்லாரும் நம்மை நல்லவர் பக்கத்தில்தானே நிறுத்திக்கொள்கிறோம். பன்னிரண்டு பேரில் நான் எப்போதும் பயப்படாத காலேபுவாகத்தான் இருந்தேன். பயந்து திரும்பிய பத்துப் பேர் யாரோ வேறு தோட்டத்து ஆட்கள். ராகேல் அக்கா கேட்ட பிறகுதான் அந்த அதிகாரத்தை மறுபடியும் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை முழுக்க இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். எனக்குப் படிப்புப் போதாது. நான் கண்டுபிடித்தது பெரிய போதகர்களுக்கு எப்போதோ தெரிந்ததாக இருக்கும். ஆனாலும் உனக்கு எழுதி வைக்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்டவர் தருவதாகச் சொன்ன கானான் தேசத்தை நாற்பது நாள் சுற்றிப் பார்த்தார்கள். எனக்கு நாற்பது நிமிசம் கூட ஆகவில்லை. அவர்கள் ஒரு திராட்சைக் குலையை இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கி வந்தார்கள், மாதுளையும் அத்திப்பழமும் கொண்டு வந்தார்கள். ஆக, நல்லதையும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், கையால் தூக்கியும் வந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் சனத்துக்கு முன்னால் நின்றவுடன் பழம் மறந்துபோகிறது, ஏனாக்கின் பிள்ளைகளாகிய இராட்சதர் மட்டும் வாயில் வருகிறார்கள். எங்கள் கண்ணுக்கு நாங்களே வெட்டுக்கிளி மாதிரி இருந்தோம், அவர்கள் கண்ணுக்கும் அப்படித்தான் இருந்தோம் என்கிறார்கள். முதல் பாதி சரி. தன் கண்ணுக்குத் தான் எப்படி இருந்தேன் என்று ஒருத்தன் சொல்லலாம். இரண்டாவது பாதியை யாரிடம் கேட்டார்கள்? அந்த இராட்சதர் வாயைத் திறந்ததாகவே வேதத்தில் இல்லையே. வளைவில் நின்ற மனுசனின் மனசுக்குள் நான் காளானாக இருந்தேன் என்று மடுவத்தில் சொன்னேனே, அதை எனக்கு யார் சொன்னது?

இன்னொன்றும் பார்த்தேன். ஓகின் கட்டிலுக்கு அளவு இருக்கிறது, அதை அளக்கப்போய்த்தான் நான் பெஞ்சுக்கு அடியில் கிடந்தேன். கோலியாத்துக்கு அளவு இருக்கிறது, ஆறு முழமும் ஒரு சாணும். அவன் போர்க்கவசம் எவ்வளவு நிறை, ஈட்டி முனை எவ்வளவு நிறை என்று கூட எழுதியிருக்கிறது. வேவுகாரர்கள் பார்த்துப் பயந்த ஏனாக்கின் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு முழமும் இல்லை, ஒரு சாணும் இல்லை. பக்கத்தில் போய் நின்றால்தானே அளவு தெரியும். கோலியாத்துக்கு அளவு இருப்பதாலோ என்னவோ, ஒரு கல் போதுமாயிருந்தது. அளவு இல்லாதவர்களுக்குப் பயந்துதான் அந்தச் சனத்துக்கு நாற்பது வருசம் வனாந்தரத்தில் போயிற்று. உபாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பார்த்தபோது எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் மோவாபியரும் அம்மோனியரும் இருந்தார்கள் அல்லவா, அவர்களுடைய ஊர்களிலும் முன்னால் இராட்சதர்தான் குடியிருந்தார்களாம். அவர்களை அப்புறப்படுத்திவிட்டு அந்தச் சனம் அங்கே வீடு வாசலோடு பிழைத்துக்கொண்டிருந்தது. செங்கடல் பிளக்கவில்லை, மன்னா விழவில்லை. அக்கம்பக்கத்தார் சத்தமில்லாமல் செய்த காரியத்துக்கு வேவுகாரர் சொல்லைக் கேட்ட சனம் இராமுழுக்க உட்கார்ந்து அழுதிருக்கிறது.

இராட்சதர்கள் ஜலப்பிரளயத்துக்கு முன்னாலும் இருந்தார்கள், பின்னாலும் இருந்தார்கள் என்று ஆதியாகமம் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறது. நோவாவின் பேழைக்குள் எட்டுப் பேர்தானே, இவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று ஒருமுறை நம் போதகரிடம் கேட்டேன். ஓகு பேழையை வெளிப்பக்கமாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தப்பினான் என்று யூதருக்குள் ஒரு பழைய கதை உண்டாம். "நம்ம பதுள பஸ் மாதிரியா ஐயா?" என்றேன். "ஆமா, புட்போர்டுல" என்றார். பிறகு அவரே, "நான் அதை இப்படி எடுத்துக்கிறேன். வெள்ளத்துல எல்லாம் அழிஞ்சாலும் பயம் வெளிய தொங்கிக்கிட்டே கூட வந்துருது" என்றார். அவர் படித்தவர், அழகாகச் சொல்லுவார். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. இராட்சதர் பயம் மட்டும்தான், நிஜமில்லை என்று சொல்லிவிட்டால் அதுவும் பொய். வேதம் அவர்களை இல்லை என்று சொல்லவில்லை. காலேபுவும் அவர்களைப் பார்த்தான். ஆனால் நாம் போகலாம் என்று சொன்னான். பத்துப் பேரும் பார்த்தது பொய்யில்லை, பார்த்ததைக் கொண்டு மற்றவர்கள் காலைக் கட்டினதுதான் பாவம். நானோ பார்க்கவே இல்லை. பத்துப் பேரும் பரிசேயர்கள் மாதிரி என்னைச் சுட்டிக்காட்டி, 'ஆண்டவரே, நாங்கள் இவனைப் போல் இல்லை' என்று ஜெபம் பண்ணலாம்.

புதன்கிழமை போனேன். முதல் பஸ்ஸில் போய்ச் சந்தியில் இறங்கினேன். வடைக் கடை இன்னும் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டெல்லாவின் தையல் டேப்பைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். வளைவு வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், கால் நின்றுவிட்டது. யாரும் இல்லை, ஒரு மாடு மட்டும் நின்றது. மாட்டைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிசம் நின்றிருப்பேன். பிறகு தாண்டினேன். மேலே அந்தக் காலத்தில் போன வேறு கணக்கு ஆட்களின் வீடுகள், முன்னால் போஞ்சிக் கொடி, கத்தரி, துணி காய்கிறது. அதற்கு மேல்பக்கம்தான் உனக்குக் காட்டியிருக்கிற துண்டு. நான் டேப்பை எடுத்துக் குச்சிக்குக் குச்சி அளந்துகொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குரல்: "அனே, பூக் கொட மாத்தயா!"

திரும்பினேன். அதே ஆள். முடியெல்லாம் வெளுத்து, கையில் தடி, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார். பெயர் குணபால. "நீங்கதானே? இன்னிக்குப் பூக் கொட இல்லயா?" என்று சிரித்தார். நான் டேப்பைச் சுருட்டினேன். அவரே பேசினார், சிங்களம் கலந்த அவருடைய தமிழில். "அன்னிக்கு எங்க கிராமத்து விதானை சொல்லுச்சு, தோட்டத்துலேர்ந்து ஆள் வரும், தண்ணி எடம் காட்டுன்னு. நான் மண்ணு வெட்டி ஊத்து சுத்தம் பண்ணி வச்சுட்டு நின்னுச்சு. நீங்க வந்துச்சு, பார்த்துச்சு, போயிருச்சு. சரி, திரும்ப வரும்னு நெனச்சு மூணு மணி வரைக்கும் நின்னுச்சு. சோறு கூடத் தின்னல்ல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மழை வந்துருச்சு, அதான்" என்றேன். அன்று ஒரு சொட்டு மழை இல்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆ, மழையாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, "வாங்க, இப்பக் காட்டுறது" என்று தடியை ஊன்றி முன்னால் நடந்தார். பாறைக்குக் கீழே ஊற்று. கல் அடுக்கி, தகரம் போட்டு மூடியிருக்கிறது. குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். அவரும் குடித்தார். நிமிர்ந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். என் தலை அவர் காதுக்கு வந்தது. அவ்வளவுதான் தம்பி, அந்த இராட்சதனின் அளவு. யாக்கோபு மாமா தண்ணி இருக்கா என்று கேட்டதற்கு, அவர் மண்ணுக்குள் போய் இத்தனை வருசம் கழித்து எனக்குப் பதில் தெரிந்தது.

இனி நீ அனுப்பிய வேலைக்கு வருகிறேன். தண்ணீர் இருக்கிறது, ஆவணி வெயிலில் குறையுமாம், பீப்பா ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். துண்டு சமதளம் இல்லை, ஆனால் சரிவு மெல்லிய சரிவு, நீர் வழிந்து போக மேல்பக்கம் கான் வெட்டியிருக்கிறார்கள். வடக்கே ஒரு மண்மேடு நிற்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்து வீட்டை எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று அளவெடுக்கிற ஐயாவிடம் வாயால் கேட்காமல் எழுத்தில் கேள். பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. சந்தியிலிருந்து என் முழங்காலுக்கு முப்பத்தைந்து நிமிசம், ஸ்டெல்லாவுக்கு இருபது இருக்கும். மாசம் நிறைகிறபோது அவளை அங்கே வைத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்குத் த்ரீவீலர் கூப்பிட்டால் மழையில் வர மாட்டான் என்று அங்கே இருக்கிறவர்களே சொன்னார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம்தான். பிள்ளை நடக்கிற வயதுக்குள் அதற்கு ஒரு வழி யோசிக்க வேண்டும். உன் கையில் இப்போது தருவது கடிதம்தான், காணி உறுதிப் பத்திரம் இல்லை. உறுதி எப்போது என்று கேட்டு, சொன்ன ஆளின் பெயரையும் எழுதி வைத்துக்கொள். கீழ் வீட்டுப் பொம்பளை அரைப் பலாப்பழம் வெட்டிக் கொடுத்தனுப்பியது, ஸ்டெல்லா எனக்கு இரண்டு சுளை மட்டும் வைத்துவிட்டு மீதியை முடித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரன் நான் கும்பிட்டும் பேசவில்லை. ஏன் என்று தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இல்லை என்று நினைக்காதே. அந்த மண்மேடு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. போகச் சொல்லி, அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்? போக வேண்டாம் என்று சொன்னதற்கு என்ன ஆனது என்று தெரிந்த மனுசனுக்குப் போகச் சொல்லவும் நாக்கு எழும்பவில்லை. உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதே. ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, அடுத்த வியாழன் இரவு பஸ் ஏறி வா, வெள்ளிக்கிழமை காலையில் உன் காலால் அந்த வளைவைத் தாண்டிப் பார்த்துவிட்டுப் பிறகு போடு. நாற்பது வருசம் ஒரு சனம் அலைந்தது பத்துப் பேர் சொல்லை நம்பித்தான். அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் நான் இதையெல்லாம் சொல்வதாக இருக்கிறேன். யாக்கோபு மாமாவின் மகள் அப்போது கோயிலில் இருப்பாள். அவள் என்னைக் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்பதுதான் எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது; அதை நானே முடிவு கட்டிக்கொள்ளாமல், நீ வாயைத் திறக்கிற வரைக்கும் காத்திருக்கிறேன்.

அந்தப் பத்துப் பேருக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். அவர்கள் அந்தத் தேசத்துக்குள் போகவில்லை. அவர்கள் பிள்ளைகள் போனார்கள். அது நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. காலேபு மட்டும் எண்பத்தைந்து வயதில் வந்து, இராட்சதர் இருக்கிற அந்த மலைநாட்டையே எனக்குக் கொடு என்று கூசாமல் கேட்டான். அவனுக்குக் கேட்க வாய் இருந்தது. நேற்றுப் பின்னேரம் நீ போனில், "காணிக்கு நிரப்புற பாரத்துல வீட்டுல எத்தன பேருன்னு கேட்டிருக்குப்பா, என்ன போட?" என்று கேட்டாய். "நீ, ஸ்டெல்லா, வரப்போற புள்ள. மூணு போடு" என்றேன். "அப்ப நீங்க?" என்றாய். "கோயில் சாவி என்கிட்டல்ல இருக்கு, அத யாரு பாக்குறது" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. போனில் நீ பாரத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்போது வாய் வரைக்கும் வந்து நான் சொல்லாமல் விழுங்கியது இதுதான்: நாலு என்று போடு, தம்பி.